14 வயதுப் பெண்ணை அரசுப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: மகளுக்கு 14 வயது, அரசுப் பள்ளியில் படிக்கிறாள், அங்கே நேரம் வீணாகிறது, வீட்டில் இதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று தோன்றுகிறது. எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று எழுதவில்லை. மகள் என்ன சொல்கிறாள் என்பதும் இல்லை. இந்த மூன்றும் தெரியாமல் 'ஆம்', 'இல்லை' என்று ஒரே வரியில் பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னூட்டத்தில் சண்டைக்கு வராதீர்கள்: நான் ஹோம்ஸ்கூலிங்குக்கு எதிரி இல்லை. ஏழு வயதுக் குழந்தையைப் பற்றிக் கேட்டிருந்தால் இதில் பாதியை எழுதியிருக்க மாட்டேன். ஏழு வயதில் ஓராண்டு வீணானால் இரண்டே மாதத்தில் பிடித்துவிடலாம். 14 வயதில் வீணானால் ஒரு பொதுத்தேர்வே தள்ளிப்போகும்.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 18 வயதில் அவள் கையில் என்ன சான்றிதழ் இருக்க வேண்டும், அதை வீட்டிலிருந்தபடியே தனித்தேர்வராக எழுத முடியுமா, எழுதினால் எந்தப் பாடத்தில் சிக்கல் வரும்? பாடத்திட்டம், புத்தகம், கால அட்டவணை எல்லாம் இதற்குப் பிறகு. ஆனால் பெரும்பாலான பெற்றோர் புத்தகம் வாங்குவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அதற்கும் முன்னால் சட்டம். ஜெர்மனியில் இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போயே ஆக வேண்டும். இதை எதிர்த்துப் போன ஒரு குடும்பத்தின் மனுவை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006-லேயே ஏற்க மறுத்துவிட்டது. பிரான்சில் 2022 முதல் முன்அனுமதி வேண்டும். இங்கிலாந்தில் சாதாரணப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிப் பெயரை நீக்கலாம். சிறப்புப் பள்ளி என்றால் உள்ளூர் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: டெக்சாஸில் ஏறக்குறைய யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாம், நியூயார்க்கில் 7-ஆம் வகுப்பு முதல் ஆண்டுக்கு 990 மணிநேரப் படிப்பு, காலாண்டுக்கு ஒரு அறிக்கை. இந்தியாவில் வீட்டுக் கல்விக்கென்று தனிச் சட்டம் கிடையாது. பெரும்பாலோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்ஐஓஎஸ்) வழியாகவே பத்தாம் வகுப்பை முடிக்கிறார்கள். அதற்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும், குறைந்தது ஐந்து பாடங்கள், ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகள்.

'ஒன்பது வாய்ப்பு' என்றதும் நிம்மதியாக இருக்கும். அங்கேதான் வழுக்கும். இந்த முறை இல்லாவிட்டால் அடுத்த முறை என்று தள்ளிக்கொண்டே போய், 17 வயதிலும் இரண்டு பாடம் பாக்கி வைத்திருப்பது இதில் சாதாரணமாக நடப்பது. சேரும் அன்றே எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் என்று தேதி போட்டு எழுதி ஒட்டுங்கள்.

அடுத்தது செய்முறையும் அகமதிப்பீடும். தனித்தேர்வர் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தில் பாதி மதிப்பெண் பள்ளியிலேயே ஆசிரியர் மேற்பார்வையில் செய்யும் வேலைக்குப் போகிறது. வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு அந்த மேற்பார்வையை ஏற்றுக்கொள்ளும் தேர்வு மையம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால்தான் அங்கே வீட்டில் படிக்கிறவர்கள் சர்வதேச ஜிசிஎஸ்இ பக்கம் போகிறார்கள். கேம்பிரிட்ஜின் அந்தத் தேர்வில் அறிவியல் செய்முறைக்குப் பதிலாக எழுத்துத்தாள் ஒன்று உண்டு. மே, ஜூன் தேர்வுக்குப் பிப்ரவரியிலேயே பதிவு முடிந்துவிடும். மையங்கள் தங்கள் கடைசி நாளை அதற்கும் முன்னால் வைத்திருக்கும். அமெரிக்காவின் ஏபி தேர்வு (கல்லூரி அளவுப் பாடங்களில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதுவது) மே மாதம் நடக்கிறது, ஆனால் தாள் கேட்டுப் பதிவது முந்தைய நவம்பரில். எழுத இடம் தரும் பள்ளியை நீங்கள்தான் அதற்கு முன்பே தேடிப் பேசி வைத்திருக்க வேண்டும். ஜனவரியில் விசாரித்தால் அந்த ஆண்டு போயிற்று.

எழுத்துத்தாளில் தப்பித்துவிடலாம் என்பதால் செய்முறையை விட்டுவிடாதீர்கள். பருமனறி பகுப்பாய்வை (டைட்ரேஷன்: ஒரு காரத்துக்கு எவ்வளவு அமிலம் சரியாகப் போதும் என்று அளப்பது) எடுத்துக்கொள்ளுங்கள். பிப்பெட்டில் 25 மில்லி காரம், கூம்புக் குடுவையில் காரத்தில் இளஞ்சிவப்பாக மாறும் பினாஃப்தலீன் இரண்டு சொட்டு, அடியில் வெள்ளை ஓடு, மேலே பியூரெட்டில் (அளவுக்கோடு போட்ட, அடியில் திருகு உள்ள கண்ணாடிக் குழாய்) அமிலம். காணொளியில் பார்த்தால் இதில் கற்க ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். கையில் செய்யும்போதுதான் தெரியும்: பியூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழி மாட்டியிருந்தால் முதல் அளவு தப்பு, மேலே செருகிய புனலை எடுக்க மறந்தால் அதிலிருந்து சொட்டி அளவு மாறும், கண்ணைத் திரவ மட்டத்துக்கு நேராக வைக்காமல் மேலிருந்து பார்த்தால் அளவு குறைந்து தெரியும், இளஞ்சிவப்பு மறையும் கடைசிக் கட்டத்தில் சொட்டு சொட்டாக விடாவிட்டால் தாண்டிப்போய்விடும். அடுத்தடுத்த இரண்டு அளவுகள் 0.1 மில்லிக்குள் ஒத்துப்போக வேண்டும். பழக நான்கைந்து முறையாவது செய்ய வேண்டும், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நிற்க வேண்டும். சமையலறை மேடையில் செய்கிற வேலை இல்லை இது. அறிவியல் பக்கம் போகப்போகிற பெண் என்றால், வாரம் ஒருமுறை ஆய்வகம் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்குப் பதில் இருக்கட்டும். சுமாரான அரசுப் பள்ளியில்கூட அந்த ஆய்வகமும், தெரிந்த ஒருவரும் இருக்க வாய்ப்பு உண்டு.

இனி வீட்டுப் பகல். 'வீட்டில் நான்கு மணிநேரம் போதும், பள்ளியில் ஏழு மணிநேரம் வீண்' என்பது எல்லோரும் சொல்கிற கணக்கு. பிள்ளையின் நேரத்துக்கு அது சரிதான். ஆனால் பெரியவரின் நேரத்தை அதில் யாரும் எழுதுவதில்லை. காலையில் அன்றைய வேலையைப் பார்த்துச் சொல்ல 15 நிமிடம், கணக்குத் திருத்த 20 நிமிடம், கூட உட்கார்ந்து புரியாததை எடுத்து விளக்க 45 நிமிடம்: வாரத்துக்கு ஐந்து நாள். வாரம் இரண்டு கட்டுரை, ஒழுங்காகத் திருத்தினால் ஒவ்வொன்றும் 40 நிமிடம். அடுத்த வாரத் திட்டம் ஒரு மணிநேரம். ஆய்வகம், விளையாட்டு என்று அழைத்துப்போய் வர மூன்று மணிநேரம். கூட்டினால் 12 மணிநேரம் வருகிறது. இதுவும் உங்களுக்கு எல்லாப் பாடமும் தெரியும் என்ற நினைப்பில் போட்டது. வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், இந்த 12 மணிநேரம் எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் பதில் கிடைத்துவிட்டது.

திருத்துவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். வீட்டில் படிக்கிற பிள்ளையின் கணக்கு நோட்டு பெரும்பாலும் அழகாக இருக்கும், எல்லா விடையும் சரியாக இருக்கும். காரணம், விடை பின்பக்கத்தில் இருக்கிறது. 2/3-யும் 1/5-யும் கூட்டி 3/8 என்று எழுதியவள், விடை 13/15 என்று பார்த்ததும் அழித்துவிட்டு, 'ஆமாம், பொதுப்பகுதி எடுக்க மறந்துட்டேன்' என்பாள். மறக்கவில்லை, தெரியவில்லை. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வழிதான்: விடைப் பக்கங்களைக் கிழித்து நீங்கள் வைத்துக்கொள்வது, அழிப்பான் இல்லாமல் பேனாவில் போடச் சொல்வது. பிறகு மூன்று வாரம் கழித்து அதே வகைக் கணக்கை முன்னறிவிப்பில்லாமல் கொடுங்கள். அப்போது வருகிற விடைதான் உண்மையான மதிப்பெண்.

பழைய வினாத்தாள்களிலும் இதே கதை. இருக்கிற எல்லாத் தாளையும் முதல் ஆறு மாதத்தில் பயிற்சிக்குப் போட்டுத் தீர்த்துவிட்டு, தேர்வு நெருங்கும்போது சோதித்துப் பார்க்கப் புதுத் தாள் இல்லாமல் நிற்பார்கள். கடைசி மூன்று ஆண்டுத் தாள்களைத் தொடாமல் எடுத்து வையுங்கள். தேர்வுக்கு எட்டு, ஐந்து, இரண்டு வாரம் முன்னால் ஒவ்வொன்று, கடிகாரம் வைத்து, முடிந்தால் வீட்டுக்கு வெளியே ஓர் இடத்தில், உங்களைத் தவிர வேறு ஒருவர் திருத்தும்படி. அம்மா போடும் மதிப்பெண்ணில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும்.

இங்கே கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆதங்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹோம்ஸ்கூலிங் என்று யாராவது வாயெடுத்தால் போதும், 'ஐன்ஸ்டீன் பள்ளிக்கூடத்தை விட்டவர்தானே' என்று ஒரு ஃபார்வேர்டு வந்து விழும். விட்டார், உண்மை. 1894 இறுதியில் 15 வயதில் மியூனிக் பள்ளியை விட்டு இத்தாலியிலிருந்த பெற்றோரிடம் போனார், சொந்தமாகப் படித்தார், 1895-ல் சூரிக் பாலிடெக்னிக் நுழைவுத்தேர்வு எழுதினார். கணிதத்திலும் இயற்பியலிலும் பிரமாதம், பொதுப்பாடங்களில் தேறவில்லை. பிறகு என்ன செய்தார்? சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரத்துப் பள்ளியில் சேர்ந்து ஓராண்டு படித்து, 1896-ல் முடித்துவிட்டுத்தான் சூரிக் போனார். மேதையே விட்டுப்போன பாடத்துக்குத் திரும்பப் பள்ளிக்கூடம்தான் போனார். இந்தப் பாதிக் கதையை அனுப்புகிறவர்கள் மீதியை ஒருநாளும் படிப்பதில்லை.

அந்தக் கதையில் உங்களுக்குப் பயன்படுவது வேறொன்று: பிடிக்காத பள்ளிக்கு மாற்று, இன்னொரு பள்ளியாகவும் இருக்கலாம். ஆகவே ஏன் எடுக்க நினைக்கிறீர்கள் என்பதைத் துல்லியமாகப் பாருங்கள். 'நேரம் வீண்' என்றால் எந்தப் பாடத்தில்? ஒரு பாடத்தில் வேகம் போதவில்லை என்றால் அதை மட்டும் மாலையில் கூடுதலாகப் படிக்கலாம், அதற்காக ஆறு பாடத்தையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் எழவே முடியவில்லை, முதல் இரண்டு வகுப்பில் தூங்குகிறாள் என்றால் அது சோம்பல் இல்லை. இந்த வயதில் உடலின் தூக்க நேரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே 8.30-க்கு முன் பள்ளி தொடங்க வேண்டாம் என்றது, கலிபோர்னியா அதை உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சட்டமாகவே ஆக்கி 2022 முதல் நடத்துகிறது. இந்த ஒரு காரணத்துக்கு வீட்டுக் கல்வி உண்மையிலேயே மருந்து.

எழுத்துக் குறைபாடு போன்ற காரணம் என்றால் அவசரப்படாதீர்கள். தேர்வில் கூடுதல் நேரம் வாங்க, வழக்கமாகவே அவள் கூடுதல் நேரம் எடுத்துத்தான் படித்து எழுதுகிறாள் என்று காட்டும் பதிவு பல வாரியங்களில் வேண்டும். இங்கிலாந்தில் இது கட்டாயம். பள்ளியில் இருந்தால் அந்தப் பதிவு தானாகச் சேரும்; வீட்டில் இருந்தால் தேர்வு மையம், 'எங்களுக்கு இந்தப் பிள்ளையைத் தெரியாதே' என்று கைவிரிக்கும். மதிப்பீட்டு அறிக்கையைப் பள்ளியில் இருக்கும்போதே வாங்கிவிட்டு வெளியே வாருங்கள்.

பள்ளிக்குப் போகவே பயப்படுகிறாள் என்றால் கணக்கே வேறு. வீட்டில் வைத்த முதல் மாதம் பிள்ளை மலர்ந்துவிடும், 'பார்த்தீர்களா, நாம் செய்தது சரி' என்று தோன்றும். பயந்த இடத்தைத் தவிர்த்தால் நிம்மதி வரும், ஆனால் பயம் அப்படியே இருக்கும், திரும்பிப் போவது இன்னும் கடினமாகும். ஆலோசகரைப் பார்ப்பதும் வீட்டில் வைப்பதும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டும். யாராவது அவளைத் துன்புறுத்துகிறார்கள் என்றால் மட்டும் காத்திருக்காமல் எடுங்கள், வேறு பள்ளியா வீடா என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

நட்பைப் பற்றி எல்லோரும் உபதேசம் செய்திருப்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்: அதே முகங்கள், வாரம் இருமுறை, ஓராண்டாவது. அணி விளையாட்டு, இசைக்குழு, நாடகம், எதுவானாலும் சரி. மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் ஹோம்ஸ்கூலிங் சந்திப்பு இதற்குப் போதாது.

விடுமுறையில் இரண்டு மாதம் சோதித்துப் பார்க்கிறோம் என்பவர்களுக்கு: அந்தச் சோதனை பொய் சொல்லும். அப்போது அவளுடைய தோழிகளும் வீட்டில்தான் இருப்பார்கள், யாருக்கும் தேர்வு கிடையாது. பள்ளி திறந்து மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு வீடு எப்படி இருக்கும் என்பதுதான் சோதனை.

இவ்வளவுக்கும் பிறகு செய்யலாம் என்று முடிவானால், மகளும் சம்மதித்தால் (அவள் மனமில்லாமல் இருந்தால் இந்த வயதில் நடக்கவே நடக்காது, மல்லுக்கட்டாதீர்கள்), பொதுத்தேர்வுக்கு முந்தைய ஆண்டின் நடுவில் நிறுத்தாதீர்கள். கல்வியாண்டு முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். மாற்றுச் சான்றிதழ், கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவு, தடுப்பூசி விவரம் எல்லாவற்றையும் மூலப்பிரதியாக வாங்கி வையுங்கள். திரும்பச் சேர்க்க வேண்டுமானால் எந்தத் தேதிக்குள் வர வேண்டும், எந்த வகுப்பில் உட்காரவைப்பார்கள், வீட்டில் படித்ததை ஏற்பார்களா, திரும்பவும் தேர்வு வைப்பார்களா என்று தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதிலில் வருகிற கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு ஆறு வாரம் முன்னால் மகளோடு உட்கார்ந்து, அவள் அதுவரை பார்க்காத ஒரு பழைய தாளைப் போட்டுப் பாருங்கள்.