பேரல் சுத்தம் செய்யும் சால்வென்டிலேயே பித்தளைக் கேஸ்களையும் ஊறவைக்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

ரைபிள் பேரலில் படிந்த செம்பை எடுக்க வாங்கிய அம்மோனியா சால்வென்ட் மிச்சம் இருக்கிறது, சுட்ட கேஸ்களில், அதாவது தோட்டாவின் பித்தளைக் கூடுகளில், மருந்தும் குண்டும் மறுபடி ஏற்றுவதற்கு முன் அதிலேயே போட்டு எடுத்தால் ஒரே வேலையாக முடியுமே என்று கேட்டிருக்கிறீர்கள். பேரலுக்கு அந்த சால்வென்ட் நல்லது. ஆனால் அது பேரலில் எதைக் கரைக்கிறதோ, அதனால்தான் உங்கள் கேஸே செய்யப்பட்டிருக்கிறது. தோட்டா கேஸுக்கான பித்தளையில் ஏறக்குறைய 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அம்மோனியா மேலே இருக்கும் அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு நிற்பதில்லை. இழுத்து வடிவமைத்த பித்தளைக்குள் ஏற்கெனவே ஓர் இறுக்கம் இருக்கும். அம்மோனியா பட்டால் அந்த இறுக்கம் உள்ள இடமாகப் பார்த்து விரிசல் ஓடும்.

இது பழைய பாடம். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் இருந்த காலத்தில், மழைக்காலத்துக்காகக் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை, யாரும் தொடாமலேயே விரிசல் விட்டுக் கிடந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரமும்தான் காரணம் என்று 1921-ல்தான் தெளிவாக விளக்கினார்கள். லாயத்துக் காற்றே அந்த வேலையைச் செய்திருக்கிறது என்றால், சால்வென்டில் ஊறவைப்பது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

நானும் இதில் பட்டிருக்கிறேன். இலக்குச் சுடுதலுக்கு வந்த புதிதில், பேரலைத் துடைத்த ஈரத் துணித் துண்டுகளை, கேஸ் போட்டு வைத்திருந்த டப்பாவிலேயே போட்டு மூடிவிட்டேன். சில வாரம் கழித்துத் திறந்தபோது பித்தளையில் நீலம் பாய்ந்த கறை. ஒரு கேஸை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் கழுத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. கீறல் என்று நினைத்து நகத்தால் தேய்த்தேன். நகம் அதில் மாட்டியது. அந்த டப்பா முழுவதையும் அன்றைக்கே ஒதுக்கிவிட்டேன். அப்போதிருந்து பேரல் வேலைக்கு ஒரு மேசை, கேஸ் வேலைக்கு ஒரு மேசை.

சரி, பேரலுக்கு வருவோம். பேரலின் பின்பக்கத்தை மூடும் போல்டைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கிளீனிங் ராடைக் கையில் எடுக்க வேண்டும். முடிந்தவரை பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகவே ராட் போக வேண்டும், அதுவும் போர் கைடு (ராட் பேரல் சுவரில் உரசாமல் நடுவாக ஓட்டும் குழாய்) மாட்டி. பேரலின் வாய் விளிம்பு, அதாவது கிரௌன், குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம். அது ஒரு பக்கம் தேய்ந்தால் குண்டைப் பின்னாலிருந்து தள்ளும் வாயு சமமாக வெளியேறாது, குண்டு விலகும். அவசரமாக ராட் போட்டுத் தேய்த்துக் கெட்ட பேரல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எம்1 காரண்ட் போன்ற ரைபிள்களில் வாய்ப்பக்கமாகத்தான் ராடை விட முடியும். அப்படியானால் வாய்க்கு ஒரு கைடு கட்டாயம்.

முதலில் கரியை எடுங்கள், அப்புறம்தான் செம்பு. கரிப்படலம் மேலே மூடியிருக்கும்போது செம்பு சால்வென்டை ஊற்றுவதில் பெரிய பயன் இல்லை. செம்பைக் கரைத்த துணி நீலமாக வரும். இங்கே பலர் ஏமாறுகிறார்கள்: துணியைத் தாங்கும் ஜாக் பித்தளையாக இருந்தால் சால்வென்ட் அதையும் கரைத்து நீலம் காட்டும். பேரல் எப்போதோ சுத்தமாகியிருக்கும், நீங்கள் ஜாகைக் கழுவிக்கொண்டிருப்பீர்கள். பிளாஸ்டிக் அல்லது நிக்கல் பூசிய ஜாக் வாங்கினால் இந்தக் குழப்பம் தீரும். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் சால்வென்டை உள்ளே விடாதீர்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விட்டுவிட்டுப் போவது பேரலுக்கும் கெடுதல்.

பழைய ராணுவத் தோட்டா சுடுபவர் என்றால் ஒன்று கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவற்றில் பலவற்றின் பிரைமர் (கேஸின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஒரு வகை உப்பை பேரலில் விட்டுச் செல்லும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும். எண்ணெயில் அது கரையாது. அன்றைக்கே தண்ணீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகுதான் எண்ணெய். அடுத்த முறை சுடுவதற்கு முன் உலர்ந்த துணி ஒன்றை ஓட்டி அந்த எண்ணெயை எடுத்துவிடுங்கள், அப்படியே வெளிச்சம் தெரிகிறதா என்று பேரலுக்குள் பாருங்கள்.

கேஸ்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, சிட்டிகை அளவு சிட்ரிக் அமிலம், சில நிமிடம் போதும். நிறையத் தண்ணீரில் அலசி, உள்ளே ஈரம் நிற்காமல் காயவைக்க வேண்டும். வினிகரில் மணிக்கணக்காக ஊறவைக்காதீர்கள். துத்தநாகம் கரைந்து போய் பித்தளை இளஞ்சிவப்பாகத் திரும்பும், அந்த நிறம் பலம் போனதற்கு அடையாளம். டம்ப்ளரில், அதாவது கேஸ்களைத் தேய்ப்புத் துகள்களோடு சேர்த்து உருட்டும் இயந்திரத்தில், உலர்வாகத் தேய்ப்பதும் நல்ல முறைதான். ஆனால் அந்தத் தூசியில் பிரைமரிலிருந்து வந்த ஈயம் இருக்கும். திறந்த வெளியில், முகமூடி போட்டுக்கொண்டு சலியுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம், சமையலறையில் வேண்டவே வேண்டாம். சில மெட்டல் பாலிஷ்களிலும் அம்மோனியா உண்டு, லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம்விட நான் அதிக நேரம் கொடுப்பது பரிசோதனைக்கு. பளபளப்பு கேஸின் பலத்தைச் சொல்லாது. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் சின்னதாக வளைத்து, கேஸுக்குள் விட்டு அடிப்பக்கத்திலிருந்து சுவரை ஒட்டி மெதுவாக மேலே இழுங்கள். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே நுனி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவது விரலில் தெரிந்தால், அந்த இடத்தில் சுவர் மெலிந்துவிட்டது. வெளியே அதே இடத்தில் பளிச்சென்று ஒரு வளையமும் தெரியலாம். அடுத்த முறை சுடும்போது கேஸ் அங்கேயே இரண்டாகப் பிரியக்கூடும். சுட்டு விரிந்த கேஸை அச்சில் அழுத்தி அளவு சரிசெய்யும்போது ஒவ்வொரு தடவையும் தோள்பட்டையை, அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை, தேவைக்கு மேல் பின்னால் தள்ளுவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். கழுத்தில் விரிசல், பிரைமர் இறுக்கமில்லாமல் உட்காருவது, இவை இருந்தாலும் அந்தக் கேஸ் போகட்டும்.

நீங்கள் ஏற்கெனவே ஒரு தொகுதியை சால்வென்டில் போட்டு எடுத்திருந்தால், கழுவிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். விரிசல் கண்ணுக்குத் தெரியாமலேயே தொடங்கியிருக்கலாம். குறட்டால் ஒவ்வொரு கேஸின் வாயையும் நசுக்கிவிட்டுப் பழைய பித்தளையோடு போடுங்கள். நசுக்காமல் போட்டால் வேறு யாராவது எடுத்து ஏற்றிவிடுவார்கள்.