காலை 6 மணிக்கு இறங்கினால், அறை 3 மணிக்குத்தான் என்றால்

14 மணி நேரம் பறந்து காலை 6 மணிக்கு இறங்குகிறீர்கள், விடுதி அறை பிற்பகல் 3 மணிக்குத்தான், அதுவரை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நேராக விடுதிக்கே போங்கள். பெரும்பாலான இடங்களில் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அறை காலியாக இருந்தால் முன்னதாகவே தருவதும் உண்டு, கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பல் தேய்க்க, சட்டை மாற்றத் தேவையானதைக் கைப்பையிலேயே வையுங்கள். பெட்டியைக் கொடுத்த பிறகு திறக்கச் சொல்வது தர்மசங்கடம்.

அப்புறம் வெளியே நடங்கள். உடலின் கடிகாரத்தைத் திருத்துவதில் பகல் வெளிச்சம்தான் முதன்மையானது. ஆனாலும் அந்தக் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும், கிழக்கு நோக்கிப் பறந்திருந்தால் இன்னும் மெதுவாக. அதனால் முதல் நாளே சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தாங்க முடியாவிட்டால் அலாரம் வைத்து 20 நிமிடம் கண் அயரலாம். நான் ஒருமுறை அலாரம் இல்லாமல் 'சும்மா' சாய்ந்து, இரவு பத்துக்கு எழுந்து விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். வாடகைக் காரை மறுநாள் எடுங்கள், தூக்கக் கலக்கத்தில் புது ஊர்ச் சாலை ஆபத்து. ஏடிஎம்மில் உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நஷ்டம்தான்.