பின்னாடி போகணும், ஆனா எதையும் தொலைக்கக் கூடாது

கேள்வி: நாங்க நாலு பேர் கிட்ல (கோட் மாற்றங்களைப் பதிவு பண்ணி வைக்கிற கருவி) ஒரே பிராஞ்ச்ல வேலை பாக்குறோம். நேத்து புஷ் பண்ண (சர்வருக்கு அனுப்பின) மூணு கமிட்டுக்கு (பதிவு பண்ண மாற்றம்) அப்புறம் எல்லாம் உடைஞ்சு போச்சு. பழைய வெர்ஷனுக்கே போயிடலாம்னு பாத்தா ஒருத்தர் ரீசெட் ஹார்ட் அடிச்சு ஃபோர்ஸ் புஷ் (சர்வர்ல இருக்கிறதை மீறி அனுப்புறது) பண்ணுங்கிறார், இன்னொருத்தர் ரிவர்ட் போதும்ங்கிறார். எதைக் கேக்குறது?

பதில்: ரிவர்ட் சொன்னவர் பேச்சைக் கேளுங்க. "நாலு பேர்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது ஒண்ணுக்காகவேதான்.

கிட்ல பிராஞ்ச்ங்கிறது வெறும் ஒரு சீட்டு மாதிரிதான், கடைசி கமிட் எதுன்னு காட்டுற 40 எழுத்து ஹேஷ் (ஒவ்வொரு கமிட்டோட அடையாளக் குறி) மட்டும்தான் அதுல இருக்கும். ரீசெட் பண்ணா அந்தச் சீட்டை எடுத்து பழைய கமிட் மேல ஒட்டுறீங்க, அவ்வளவுதான், ஆனா அது உங்க மெஷின்ல மட்டும். மத்த மூணு பேர்கிட்டயும் அந்தக் கெட்ட கமிட் அப்படியே இருக்கும், நீங்க ஃபோர்ஸ் புஷ் பண்ண அப்புறம் அவங்கள்ல ஒருத்தர் வழக்கம்போல புல் பண்ணி (சர்வர்ல இருக்கிறதை இறக்கிச் சேத்து) புஷ் பண்ணா மூணும் திரும்ப உள்ள வந்து உக்காந்துக்கும். அதைவிட மோசம், நடுவுல யாராவது புதுசா புஷ் பண்ணியிருந்தா அவங்க வேலை சர்வர் பிராஞ்ச்ல இருந்து சத்தமே இல்லாம காணாமப் போயிடும்.

ரிவர்ட் எதையும் அழிக்காது. அந்த கமிட்ல 12 வரி சேத்திருந்தீங்கன்னா அதே 12 வரியை எடுத்துட்டு அதைப் புது கமிட்டா மேல போடும், மத்தவங்க சாதாரணமா புல் பண்ணாலே போதும்.

செய்யுறதுக்கு முன்னாடி கிட் ஸ்டேட்டஸ் அடிச்சு கமிட் பண்ணாதது எதுவும் இல்லைன்னு பாருங்க, அப்புறம் இருக்கிற இடத்துலயே கிட் பிராஞ்ச் பேக்கப்னு ஒரு பிராஞ்ச் போட்டு வச்சுக்கோங்க, ஒரு செகண்ட் வேலைதான், இதை மட்டும் தயவுசெஞ்சு விட்றாதீங்க. அடுத்து அந்தப் பழைய கமிட்டை செக்அவுட் பண்ணி நிஜமாவே ஓடுதான்னு ஓட்டிப் பாருங்க, ஏன்னா நிறைய தடவை கோளாறு கோட்லயே இருக்காது, ஏதாவது லைப்ரரி மாறியிருக்கும், இல்ல டேட்டாபேஸ் மைக்ரேஷன் (டேட்டாபேஸோட அமைப்பை மாத்துறது) ஓடியிருக்கும், அது கோட் பின்னாடி போனா கூடவே பின்னாடி வராது. ஓடுதுன்னு உறுதியான அப்புறம் உங்க பிராஞ்சுக்குத் திரும்பி வந்து கிட் ரிவர்ட்னு அடிச்சு, கடைசியா நல்லா இருந்த கமிட்டோட ஹேஷ், ரெண்டு புள்ளி, ஹெட்னு (இப்போ நீங்க இருக்கிற கமிட்) குடுங்க. முதல்ல குடுத்த ஹேஷ் கணக்குல சேராது, அதுக்கு மேல இருக்கிறது மட்டும் புதுசுல இருந்து பழசு வரைக்கும் வரிசையா ரிவர்ட் ஆகும். மூணையும் ஒரே கமிட்டா போடணும்னா நோ-கமிட் ஆப்ஷனைச் சேத்துட்டு கடைசில நீங்களே கமிட் பண்ணுங்க.

அந்த மூணுல ஒண்ணு மெர்ஜ் கமிட்டா (ஃபீச்சர் பிராஞ்ச் மாதிரி இன்னொரு பிராஞ்சைக் கொண்டுவந்து சேத்த கமிட்) இருந்தா எந்தப் பக்கத்தை மெயின்னு வச்சுக்கணும்னு கிட்டுக்குச் சொல்லணும், பெரும்பாலும் எம் ஆப்ஷன்ல 1னு குடுத்தா சரியா வரும். ஒரு விஷயம், ரிவர்ட் பண்ண அந்த ஃபீச்சர் பிராஞ்சைத் திருத்திட்டு திரும்ப மெர்ஜ் பண்ணா புதுசா திருத்தினது மட்டும்தான் வரும், பழைய மாற்றம் வராது, ஏன்னா கிட்டைப் பொறுத்தவரைக்கும் அது ஏற்கனவே மெர்ஜ் ஆயிடுச்சு. முதல்ல போட்ட ரிவர்ட்டையே ஒரு தடவை ரிவர்ட் பண்ணணும். இது தெரியாம நான் ஒரு ராத்திரி முழுக்க கோட் எங்க போச்சுன்னு தேடியிருக்கேன்.

கேள்வி: நான் ஏற்கனவே ரீசெட் ஹார்ட் அடிச்சுட்டேன், ரெண்டு நாள் வேலை போச்சு. திரும்ப வருமா?

பதில்: கமிட் பண்ணியிருந்தீங்கன்னா கண்டிப்பா வரும், பதறாதீங்க. அதே மெஷின்ல, அதே ஃபோல்டர்ல கிட் ரீஃப்லாக் அடிங்க. சீட்டு எங்கெங்க நகர்ந்துச்சுன்னு வரிசையா வரும், ரீசெட் வரிக்கு நேர் கீழ் வரில இருக்கிற ஹேஷை எடுத்து அதுல இருந்து புது பிராஞ்ச் போட்டா முடிஞ்சது. இந்த மாதிரி தனியா விடுபட்ட கமிட்டோட குறிப்பை கிட் சாதாரணமா 30 நாள் வச்சிருக்கும், அதனால தள்ளிப் போடாதீங்க. ரீஃப்லாக் சர்வருக்குப் போகாது, அந்த ஃபோல்டரை அழிச்சுட்டு சர்வர்ல இருந்து புதுசா குளோன் பண்ணா (முழு நகல் எடுத்தா) அந்த வழி அடைஞ்சு போயிடும்.

கமிட் பண்ணாம, கிட் ஆட் (கமிட்டுக்கு முன்னாடி மாற்றத்தை எடுத்து வைக்கிறது) கூட பண்ணாம வச்சிருந்த மாற்றம்னா கிட்கிட்ட அது இல்லவே இல்ல. உங்க எடிட்டர்ல லோக்கல் ஹிஸ்டரி இருக்கான்னு உடனே பாருங்க, ஆட் பண்ணியிருந்தா மட்டும் கிட் எஃப்எஸ்சிகே-ல லாஸ்ட்-ஃபவுண்ட் ஆப்ஷன் போட்டுத் தேடலாம், ஃபைல் பேர் இருக்காது, உள்ள இருக்கிறது கிடைக்கும்.