டீச்சர் பதில்கள்: கவிழ்ந்தது வள்ளம் இல்லை

எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டுப் போடுகிறோம், எம்.பி.க்குப் போடுகிறோம். முதலமைச்சருக்கும் பிரதமருக்கும் நேராகப் போட விட்டால் என்ன டீச்சர்? குதிரைபேரம் ஒழியுமே!
*கல்லூரி மாணவி, குழித்துறை*

மக்களே, கிட்டத்தட்ட இந்தப் பேச்சை நம்ம மண்ணில் ஒருத்தர் முன்பே பேசிவிட்டார். 1946 ஜனவரி. அப்போது நம்ம குமரிக்காரர்கள் எல்லாம் திருவிதாங்கூர் சமஸ்தானத்துப் பிரஜைகள். திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் ஒரு அரசியல் திட்டம் கொண்டுவந்தார். சட்டசபைக்கு வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போடலாம். ஆனால் ஆட்சி நடத்தும் திவானை அந்தச் சபை அசைக்க முடியாது. அமெரிக்காவில் அப்படித்தானே இருக்கிறது என்றார். அமெரிக்காவில் ஜனாதிபதியை நாலு வருடத்துக்கு ஒருமுறை ஜனங்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்; திவானுக்கு ஓட்டுப் போட்டது மகாராஜா ஒருத்தர் மட்டும். இந்தச் சின்ன வித்தியாசத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். 'அமெரிக்கன் மாடல் அறபிக்கடலில்' என்று கோஷம் போட்டார்கள். அடுத்த வருடம் ஆகஸ்டில் சி.பி. பதவியை விட்டுப் போனார்.

பாராளுமன்ற முறையின் கணக்கு வேறு. நீங்கள் தேர்ந்தெடுப்பது சபையை. அந்தச் சபை தன் தோளில் ஒரு மந்திரிசபையைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. தோளை விலக்கினால் மந்திரிசபை கீழே. நம்ம அரசியல் சாசனத்தில் 75-ஆம் பிரிவு மத்திய மந்திரிகளுக்கும் 164-ஆம் பிரிவு மாநில மந்திரிகளுக்கும் இதைத்தான் சொல்கிறது: மந்திரிகள் கூட்டாகச் சபைக்குப் பொறுப்பு. 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் இதை விளக்கினார். அமெரிக்க முறையில் ஆட்சிக்கு உறுதி அதிகம், பிரிட்டிஷ் முறையில் பொறுப்பு அதிகம், இரண்டும் சம அளவில் கிடைக்கும் ஏற்பாடு இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை, நாம் பொறுப்பின் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்றார்.

இதெல்லாம் புஸ்தகம். எனக்குப் பாடம் குளச்சலில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது. 1955 பிப்ரவரி, எனக்கு ஏழு வயது. ஒரு கடையில் கணக்கு எழுதப் போயிருந்த அப்பா வேகமாக நடந்து வந்தார். வாசலிலேயே, "கவுந்தாச்சு, கவுந்தாச்சு!" அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சுளவை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். மாமா கடலுக்குப் போகிறவர். "எந்த வள்ளம்? யாரெல்லாம் போயிருந்தா?" அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். "வள்ளம் ஒண்ணும் இல்ல. பட்டத்துக்க மந்திரிசபை." அம்மா சிரிக்கவில்லை. கொட்டின அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

பட்டம் என்றால் பட்டம் தாணுப்பிள்ளை. அப்போது நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தோம். 1954 தேர்தலில் 117 இடத்தில் அவருடைய பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தது 19. காங்கிரசுக்கு 45. நேசமணி தலைமையிலான நம்ம திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு 12. ஆனால் முதலமைச்சர் ஆனவர் 19 பேரை வைத்திருந்தவர்! கம்யூனிஸ்டுகள் வந்துவிடக் கூடாது என்று காங்கிரஸ் வெளியே நின்று கைகொடுத்தது. அதிக இடம் பிடித்தவர்தான் ஆள வேண்டும் என்று இந்த முறையில் எங்கும் எழுதவில்லை. சபையில் பாதிக்கு மேல் தலை எண்ணிக் காட்டத் தெரிந்தவர் ஆளலாம்.

அந்த ஆட்சியில்தான் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள் செத்தார்கள். பட்டத்தின் சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும் என்றார். பட்டம் அசையவில்லை. கட்சி சொன்னால் இறங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆறு மாதம் கழித்துக் காங்கிரஸ் கையை எடுத்தது, சபையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது, அன்றைக்கு இறங்கத்தான் வேண்டியிருந்தது. நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதலமைச்சராக இருந்திருந்தால் காலம் முடியும்வரை உட்கார்ந்திருப்பார்.

நீங்கள் சொல்லும் கெடுதலையும் நான் மறைக்கவில்லை. பட்டத்துக்கு முன்னால் ஏ.ஜே. ஜான் மந்திரிசபை; நம்ம தமிழ்நாடு காங்கிரஸ் ஆதரவை எடுத்ததும் 1953-இல் போனது. பட்டத்துக்குப் பின்னால் பனம்பிள்ளி கோவிந்த மேனன். சொந்தக் கட்சியில் ஆறு பேர் விலகி 1956 மார்ச்சில் போனார். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களை நாம் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தபோது கேரளப் பக்கத்தில் மந்திரிசபையே இல்லை, ஜனாதிபதி ஆட்சி. அடிக்கடி விழுந்தால் ஆபீசில் ஒரு காகிதம் நகராது, அது உண்மை.

இந்த முறையை வெள்ளைக்காரன் உட்கார்ந்து யோசித்து எழுதினானா?
*வாசகர், தோவாளை*

எழுதவே இல்லை! பிரிட்டனுக்கு இன்றைக்கும் ஒரே புஸ்தகமாக அரசியல் சாசனம் கிடையாது. நம்ம ஊர் பழைய ஓட்டுவீடு போல; பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் ஒரு சாய்ப்பு இறக்குவார்கள், மாடு வாங்கினால் இன்னொன்று. 1265-இல் சைமன் டி மோன்ட்ஃபோர்ட் பிரபுக்களோடு நகரத்துப் பிரதிநிதிகளையும் கூப்பிட்டார். ராஜாவுக்கு வரி வேண்டும், கொடுப்பவர்களுக்குக் குறை சொல்ல இடம் வேண்டும்; சபை வளர்ந்ததே இந்தக் கொடுக்கல் வாங்கலில். 1649-இல் முதலாம் சார்லஸின் தலை போனது. 1689-இல் உரிமைச் சட்டம்: சபையின் சம்மதம் இல்லாமல் ராஜா வரி போடக் கூடாது.

எனக்குப் பிடித்த கட்டம் அதற்குப் பிறகு வருகிறது. 1714-இல் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து 54 வயதில் ஒருத்தர் ராஜாவாக வந்தார், முதலாம் ஜார்ஜ். இங்கிலீஷ் சரியாக வராது. சில வருடத்தில் மந்திரிகளின் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். தலைமாட்டு நாற்காலி காலி. 1721 முதல் அந்த இடத்தைக் கவனித்துக்கொண்டவர் ராபர்ட் வால்போல். 'பிரதம மந்திரி' என்று அவரைச் சொன்னது மரியாதைக்காக இல்லை, வசவு! ராஜா மாதிரி நடக்கிறான் என்று குத்திக்காட்டினார்கள். 1742-இல் சபையில் ஓட்டெடுப்பில் தோற்றார். ராஜாவின் தயவு இருந்தும் விலகினார். சபை கைவிட்டால் ராஜாவாலும் காப்பாற்ற முடியாது என்ற வழக்கம் அங்கேதான் வேர் பிடித்தது.

பத்மநாபபுரம் அரண்மனையில் ராஜா மந்திரிகளோடு ஆலோசனை நடத்தின மந்திரசாலை பார்த்திருப்பீர்களே. கலர் மைக்கா வைத்த ஜன்னல், முகம் தெரியும் கறுப்புத் தரை. வருடந்தோறும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். ஒருமுறை எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள்: "மந்திரி சொல்றதை ராஜா கேக்கலேன்னா?" மந்திரி வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றேன். வால்போல் காலத்துக்குப் பிறகு லண்டனில் இது மெல்ல மெல்லத் தலைகீழ் ஆனது. நம்ம பக்கத்தில் 1888-இல் எட்டுப் பேரோடு ஒரு சட்டசபை, 1904-இல் குறை சொல்வதற்கு மட்டும் ஒரு பிரஜா சபை. திவானை இறக்கும் அதிகாரம் இரண்டுக்கும் இல்லை.

ஸ்பீக்கர் என்று பெயர், ஆனால் அவர்தான் குறைவாகப் பேசுகிறார். ஏன்?
*எட்டாம் வகுப்பு மாணவன், திங்கள்சந்தை*

சபைக்குள்ளே பேச வைத்த ஆள் இல்லை மக்கா, சபைக்காக ராஜாவிடம் போய்ப் பேச வைத்த ஆள். கெட்ட செய்தி கொண்டுபோனால் தலை தப்பாது. சிலருக்குத் தப்பவும் இல்லை. அதனால்தான் இன்றைக்கும் லண்டனில் புது ஸ்பீக்கரை நாற்காலிக்கு இழுத்துக்கொண்டு போவதுபோல் நடிப்பார்கள். 1642-இல் ராஜா ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க நேராகச் சபைக்குள் நுழைந்து, அவர்கள் எங்கே என்று கேட்டார். ஸ்பீக்கர் லென்தால் முழங்காலிட்டு, சபை சொல்லாமல் எனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்றார்.

2024 ஏப்ரல் 19 அன்று விளவங்கோட்டுக்காரர்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டு. எங்களுக்கு ஒன்றுதான். இது என்ன நியாயம்?
*வாசகர், கிள்ளியூர்*

பொறாமையா? அவர்கள் எம்.எல்.ஏ. வேறு கட்சிக்குப் போய்ப் பதவியை விட்டதால் இடைத்தேர்தலும் மக்களவைத் தேர்தலும் ஒரே நாளில் வந்தன. மற்ற ஐந்து தொகுதிக்கு அது இல்லை.

1985-இல் அரசியல் சாசனத்தில் வந்த பத்தாவது அட்டவணைப்படி, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, உறுப்பினர் கட்சியை விட்டாலும், இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சியின் கொறடா போடும் உத்தரவுக்கு எதிராக ஓட்டுப் போட்டாலும் பதவி போகலாம். அந்தச் சட்டம் 1956-இல் இருந்திருந்தால் பனம்பிள்ளியை விட்ட ஆறு பேரும் பதவி இழந்திருப்பார்கள். குதிரைபேரச் சந்தை குறைந்தது நல்லது. ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஓட்டெடுப்பு நடக்கும் முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது. உறுப்பினர் கைதூக்க வந்த ஆளாகிவிடுகிறார். ஆட்சி நிற்பதா விழுவதா என்கிற ஓட்டுக்கும் பட்ஜெட் போன்றவற்றுக்கும் மட்டும் கொறடா இருந்தால் போதும் என்று 1990-இலேயே தினேஷ் கோஸ்வாமி கமிட்டி சொன்னது. எந்தக் கட்சி கேட்கும்?

1999-இல் வாஜ்பாய் ஒரே ஒரு ஓட்டில் தோற்றாரே, வேறெங்காவது அப்படி உண்டா?
*வாசகி, ஆரல்வாய்மொழி*

உண்டு. இங்கே 269-க்கு 270. அதற்கு 20 வருடம் முன்னால், 1979 மார்ச் 28, லண்டனில் காலகன் அரசு 310-க்கு 311 என்று போனது. அவர் கட்சியின் பிராட்டன் என்ற உறுப்பினர் சாகக் கிடந்தார். கூட்டிவர வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். சில நாளில் இறந்தார்.

சட்டசபையில் கேள்வி கேட்பதால் ஏதாவது நடந்திருக்கிறதா? உண்மையைச் சொல்லுங்கள்.
*பெயர் வேண்டாம் என்றவர், தக்கலை*

1980-களில் கல்குளம் தாலுகாவில் ஒரு பள்ளியில் இருந்தேன். எட்டு-பி வகுப்பின் மேல் ஓடு சரிந்து கிடந்தது. இடவப்பாதி மழை வந்தால் பிள்ளைகள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடும். மூன்று வருடம் மனு எழுதினோம். மனுவுக்கு மனு, நினைவூட்டுக் கடிதம், அதற்கும் நினைவூட்டு. கடைசியில் பெற்றோர் சிலர் எம்.எல்.ஏ.வைப் பார்த்தார்கள். அவர் கேள்வி கொடுத்தார்.

கேள்வி போனால் மந்திரி பதில் சொல்ல வேண்டும். மந்திரிக்கு இலாகா எழுதிக்கொடுக்க வேண்டும். இலாகாவுக்கு இங்கேயிருந்து விவரம் போக வேண்டும். ஒரு நாள் காலை ஜீப்பில் இரண்டு அதிகாரிகள் வந்து, டேப் பிடித்துச் சுவரை அளந்தார்கள். ஓடு எத்தனை உடைந்தது என்று ஏணி வைத்து ஏறி எண்ணினார்கள். கீழே நின்று எட்டு-பி பிள்ளைகளும் சேர்ந்து எண்ணின.

சபையில் வந்த பதில்: 'அரசின் பரிசீலனையில் உள்ளது.' அதைப் படித்த அன்றைக்கு நாங்கள் புது ஓட்டுக்குக் கீழே மூன்று நாளாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம்.