சூப்பர்மேன் பிறந்தது எந்த மாதம்?

அன்புள்ள ஐயா,

நண்பர்களுக்காகச் சூப்பர்ஹீரோ வினாடி வினா ஒன்று நடத்தினேன். மூன்று கேள்விகளில் பெரிய வாக்குவாதம். ஹல்க்கின் முதல் நிறம் சாம்பல் என்றேன். ஒருவர் முதல் கதையின் மறுபதிப்பையே எடுத்துக் காட்டிப் பச்சை என்றார். வுல்வரின் என்ற நாயகர் அறிமுகமானது ஹல்க் காமிக்ஸின் 181ஆம் இதழில் என்றேன், 180 என்றார்கள். சூப்பர்மேன் வெளிவந்தது ஜூனா ஏப்ரலா என்பதும் தீரவில்லை. தகராறு வராமல் கேள்வி அமைப்பது எப்படி?

கா.

அன்புள்ள கா.,

மூன்று கேள்விகளிலும் ஒரு சொல் குறைகிறது. அதைச் சேர்த்துவிட்டால் விடை ஒன்றுதான்.

முதலில் ஹல்க். 1962 மே மாதத் தேதியிட்ட முதல் இதழில் அவர் சாம்பல் நிறம்தான். ஆனால் அன்றைய மலிவு அச்சில் வண்ணச் சாம்பலைச் சீராகக் கொண்டுவருவது கடினம். நீலம், சிவப்பு, மஞ்சள் மைப்புள்ளிகளின் கலவையில் ஒன்று சற்றுக் கூடினாலும் சாயல் மாறிவிடும். ஒரே இதழுக்குள் சாம்பல் பல விதமாக விழுந்தது, சில இடங்களில் பச்சையாகவே தெரிந்தது. இரண்டாம் இதழிலேயே பச்சைக்கு மாறிவிட்டார்கள். பிறகு வந்த மறுபதிப்புகளில் முதல் கதையையும் பச்சையாக்கி நெடுநாள் அச்சிட்டார்கள். உங்கள் நண்பர் கையில் இருந்தது அப்படியொரு பதிப்பாகத்தான் இருக்க வேண்டும். நிறம் பற்றிய கேள்விக்கு மறுபதிப்பைச் சான்றாக ஏற்கவே கூடாது. அசல் இதழை அப்படியே படியெடுத்த பதிப்பைப் பாருங்கள். கேள்வியிலும் ‘1962இல் அச்சான முதல் இதழில்’ என்று எழுதுங்கள்.

வுல்வரின், 1974இல் வந்த 180ஆம் இதழின் கடைசிப் படக்கட்டத்தில் தலைகாட்டுகிறார். ஹல்க்குடன் அவர் போடும் சண்டை 181இல். ‘முதலில் தலைகாட்டிய இதழ்’, ‘முழுமையாகத் தோன்றிய இதழ்’ இரண்டில் எது வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

சூப்பர்மேன் விஷயத்தில் ஜூன் 1938 என்பது ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் அட்டையில் உள்ள தேதி. கடைக்கு வந்தது ஏப்ரலில். கடையில் இதழ் பழசாகத் தெரியாமல் நீண்ட நாள் இருக்கட்டும் என்று அட்டையில் பிந்தைய தேதியைப் போடுவது அமெரிக்கப் பதிப்பாளர்களின் வழக்கம். ‘அட்டைத் தேதிப்படி’ என்ற சொல் போதும்.

இவற்றைவிட ஆபத்தான பொறி ஒன்று உண்டு. நாம் காமிக்ஸில் பிறந்ததாக நம்பும் பல விஷயங்கள் வேறிடத்தில் பிறந்தவை. முதல் இதழின் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு மைல், அதாவது சுமார் 200 மீட்டர், தாவுவார், அவ்வளவே. வானத்தில் பறப்பவராக அவரை நிலைநிறுத்தியதில் வானொலித் தொடருக்கும் 1941இல் தொடங்கிய அனிமேஷன் படங்களுக்கும் பெரும்பங்கு. அவரை வீழ்த்தும் கிரிப்டோனைட் கல் 1943இல் வானொலியில் வந்தது, காமிக்ஸுக்கு 1949இல்தான் வந்து சேர்ந்தது. ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி க்வின் 1992இல் பேட்மேன் தொலைக்காட்சி அனிமேஷனில் தோன்றி, மறு ஆண்டு காமிக்ஸில் நுழைந்தார். ஆகவே ‘முதலில்’ என்று எழுதும்போதெல்லாம் பக்கத்திலேயே ‘காமிக்ஸில்’ அல்லது ‘எந்த ஊடகத்திலும்’ என்று சேர்த்துவிடுங்கள்.

வசனங்களையும் நினைவிலிருந்து எழுதாதீர்கள். பெரும் சக்தியோடு பெரும் பொறுப்பும் வரும் என்ற ஸ்பைடர்மேன் வரியை பென் மாமா சொன்னதாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1962ஆம் ஆண்டின் மூலக்கதையில் அது கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் குறிப்பாக வருகிறது, மாமா அதைச் சொல்வதில்லை.

விடைத்தாளில் இதழின் பெயர், எண், அட்டைத் தேதி, முடிந்தால் பக்கமும் குறித்து வையுங்கள். மறுப்பு எழுந்தால் புரட்டிக் காட்டிவிடலாம். ஆண்டை மட்டும் கேட்கும் கேள்விகளைக் குறைப்பதும் நல்லது. அவை மனப்பாடத்தைத்தான் சோதிக்கும். எனக்குப் பிடித்த வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு: ‘1940இல் பேட்மேன் முதல் இதழிலேயே சாக வேண்டிய ஜோக்கர் எப்படிப் பிழைத்தார்?’ விடை: பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் சொன்னதன் பேரில், அவர் உயிரோடிருப்பதாகக் காட்டும் ஒரு கட்டம் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டது.