விளையாடும்போது நாய்க்குட்டி கையைக் கடிக்கிறது, எப்படி நிறுத்துவது?

மூன்று மாதக் குட்டி, விளையாட ஆரம்பித்தாலே கையைக் கவ்வுகிறது, அடித்தால் இன்னும் கடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அடிப்பதை விடுங்கள். ஒன்று, அதையும் விளையாட்டு என்று நினைக்கும். இல்லாவிட்டால் கையைக் கண்டாலே பயப்படும்.

எங்கள் கருப்பன் பெரம்பூரில் தெருமுனையில் மழையில் நனைந்து கிடந்த நாட்டுக்குட்டி. வந்த ஒரே வாரத்தில் என் முன்னங்கை முழுக்கக் கோடு கோடாகக் கீறல். அம்மாவின் நைட்டி ஓரத்தைக் கவ்வினால் ஹாலிலிருந்து சமையலறை வரை தரையில் வழுக்கிக்கொண்டே போவான். வலித்ததுபோல் ‘ஆ’ என்று கத்தினால் நிறுத்தும் என்றார்கள். சில குட்டிகள் நிறுத்தும். இவன் இன்னும் குஷியாகிவிட்டான்.

எங்களுக்குப் பலித்தது இதுதான்: தோலில் பல் பட்டால் அந்த நொடியே ஆட்டம் காலி. கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், துரத்தும். தளர விட்டு, எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நில்லுங்கள். திட்டவும் வேண்டாம், முறைக்கவும் வேண்டாம். அப்போதும் கணுக்காலுக்கு வந்தால் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு அரை நிமிடத்தில் திரும்பி வாருங்கள். பழைய துண்டை முறுக்கி முடிச்சுப் போட்டு, கடிக்க அதைக் கொடுங்கள். முதல் நாட்களில் இருபது தடவைகூட எழுந்திருக்க வேண்டியிருக்கும்.

குட்டியைவிட அப்பாவைப் பழக்குவதுதான் கஷ்டம். பேப்பர் படித்தபடியே விரலைக் கடிக்கக் கொடுப்பார். கேட்டால், "பல்லு ஊறுதுடா, பாவம்." புது வேட்டியின் கரை கிழிந்த அன்றுதான் வழிக்கு வந்தார்.

பல் ஊறுவது உண்மைதான். நான்காவது மாதவாக்கில் 28 பால் பற்களும் விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் வந்துவிடும். அரிசி மாதிரி ஒரு பல் எங்கள் மிதியடியில் கிடந்தது. ஈரத்துணியை ஃப்ரீஸரில் வைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். அப்புறம், சாயங்காலம் வெறி பிடித்ததுபோல் ஓடிக் கடித்தால் பெரும்பாலும் தூக்கம் போதவில்லை என்று அர்த்தம். தூங்க வையுங்கள், இந்த வயதில் நாளுக்கு 18 மணி நேரம்கூடத் தூங்கும்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் வேண்டாம். லேசாகக் கீறி ரத்தம் வந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள். குட்டிகளுக்கே அந்தத் தடுப்பூசியைப் பொதுவாக மூன்று மாதத்தில்தான் போடுகிறார்கள். உங்கள் குட்டிக்குப் போட்டாகிவிட்டதா?