வெள்ளையாகப் போவதெல்லாம் வெள்ளைக்கழிச்சல் இல்லை

கேள்வி: பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது திருமங்கலம் சந்தையில் மூன்று நாட்டுக்கோழி வெடைகள் வாங்கி வந்தோம். மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு வளர்க்கிறோம். கோழி வளர்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. மூன்றில் சிவப்பாக இருப்பது செம்பி, நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் செல்லம். ஒன்றுவிட்டு ஒருநாள் முட்டை போட்டுக்கொண்டிருந்தது. போன வாரம் ஓடில்லாமல் ஒரு தோல்முட்டை போட்டது. நேற்றுக் காலையிலிருந்து தீனி எடுக்கவில்லை. கூடைக்குள் போகிறது, சும்மா வெளியே வருகிறது. வாலைத் தொங்கப் போட்டு, காலை அகட்டி, இறகை உப்பிக்கொண்டு நிற்கிறது. வெள்ளையாகத் தண்ணீர் மாதிரி கழிகிறது. பக்கத்து வீட்டு அக்கா வெள்ளைக்கழிச்சல் என்கிறார். எதிர்வீட்டுப் பெரியவர் அடைக்கு உட்காரப் போகிறது என்கிறார். என் மாமியார், "செத்துப் போறதுக்கு முன்னாடி அறுத்துருவோம்" என்கிறார். தீவனக் கடையில் மஞ்சள் நிறத்தில் ஒரு மருந்துத் தூள் கொடுத்தார்கள். வீட்டிலிருந்த காய்ச்சல் மாத்திரையிலும் பாதி கரைத்து ஊற்றினேன். நான் செய்தது சரியா? செம்பி பிழைக்குமா?
பெயர் வேண்டாம், திருநகர், மதுரை

பதில்:

உங்கள் கடிதம் மின்னஞ்சலில் வந்தது நல்லதாகப் போயிற்று. தபாலில் வந்து, நான் பதில் எழுதி, அது அச்சாகி உங்கள் வீட்டுக்கு வருவதற்குள் செம்பியின் கதை எப்படியோ முடிந்திருக்கும். அன்று மதியமே அலுவலகத்தில் உங்கள் எண்ணை வாங்கிப் பேசினேன். அப்போது சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இந்தச் சித்திரை வெயிலில் உங்களைப் போல இன்னும் சிலரும் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் அந்த வெள்ளை. கோழிக்குச் சிறுநீர் என்று தனியாகக் கிடையாது. எச்சத்தின் மேல் சுண்ணாம்பு தடவினாற்போல் ஒரு வெள்ளை இருக்கும் பாருங்கள், அதுதான் சிறுநீர்க் கழிவு. நன்றாகத் தின்னும் கோழியிடம் கருப்பும் பழுப்புமாகக் கெட்டி எச்சம், அதன் மேல் இந்த வெள்ளைத் தொப்பி. தீனி எடுக்காத கோழியிடம் கெட்டி எங்கிருந்து வரும்? வெள்ளை மட்டும்தான் வரும். அதைப் பார்த்துத்தான் தெருவே "வெள்ளைக்கழிச்சல்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. எந்த நோயாக இருந்தாலும், தீனி நின்றால் கோழி பெரும்பாலும் வெள்ளையாகத்தான் போகும். அதோடு, புதிதாகக் கோழி வளர்ப்பவர்கள் இன்னொன்றுக்கும் பயப்படுவார்கள். நாளில் சில தடவை பழுப்பாக, பசை மாதிரி, மூக்கைப் பொத்த வைக்கிற எச்சம் ஒன்று போடும். அது குடல்வாலிலிருந்து வருவது. நோய் இல்லை.

அடை என்று சொன்ன பெரியவரின் கணக்கும் இங்கே ஒத்துவரவில்லை. அடைக்கோழியும் இறகை உப்பும், தீனியைக் குறைக்கும். ஆனால் கூடையை விட்டு அசையாது. கையை நீட்டினால் கொர்ரென்று சீறிக் கொத்த வரும். உங்கள் செம்பி கூடைக்கும் வெளிக்குமாக அலைகிறது, தொட்டால் கண்ணை மூடிக்கொள்கிறது என்றீர்கள். அடைக்கோழிக்கு இருக்கும் கோபம் இதற்கு இல்லை.

இதனால்தான் போனில் உங்களிடம் முதலில் மருந்தைப் பற்றிக் கேட்காமல், கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு மேல் தீனிப்பையைத் தொடச் சொன்னேன். காலியான பலூன் மாதிரி இருக்கிறது என்றீர்கள். அப்படியானால் தீனி அடைப்பு இல்லை. (இரவு நிரம்பிப் படுத்த பை காலையில் தீனி போடுவதற்கு முன்பும் கெட்டியாகவே இருந்தால் அதுதான் அடைப்பு. தலைகீழாகத் தூக்கிக் கக்க வைக்கும் வைத்தியத்தை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.) அடுத்து நெஞ்செலும்பு. இருபக்கமும் சதை வழித்தெடுத்தாற்போல் கத்தி மாதிரி இருந்தால் நோய் பல நாளாக உள்ளே இருந்திருக்கிறது என்று பொருள். செம்பிக்குச் சதை இருந்தது. கடைசியாகப் பின்பக்கம். ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் குச்சி மாதிரி இரண்டு இடுப்பெலும்பு தட்டுப்படும். அதற்குக் கீழே மெதுவாக விரலை வைத்தால் என்ன தெரிகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "உள்ள எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியா ஒண்ணு இருக்கும்மா" என்றீர்கள்.

அது முட்டை. வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்ட முட்டை. காலை அகட்டி, வாலைத் தொங்கப் போட்டு, கூடைக்குள் போய்ப் போய் வருவதற்குக் காரணம் அதுதான். இதை அமுக்கி வெளியே தள்ளப் பார்க்கக் கூடாது. உள்ளே உடைந்தால் ஓடு கிழித்துவிடும், சீழ் பிடித்துவிடும், அப்புறம் கோழி தேறுவது கடினம். இப்படியே ஒரு நாளுக்கு மேல் விட்டாலும் ஆபத்துதான். உங்களுக்கு ஒரு நாள் ஏற்கெனவே கடந்திருந்தது. அதனால்தான் ராத்திரிக்குள் முட்டை வராவிட்டால் விடிந்ததும் தல்லாகுளம் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். கோழிக்கெல்லாம் பார்ப்பார்களா என்று தயங்கினீர்கள். பார்ப்பார்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் மாட்டுக்கும் கோழிக்கும் ஒரே வாசல்தான்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒரு குளியல். பிள்ளையைக் குளிப்பாட்டும் சூட்டில், முழங்கையைவிட்டுப் பார்த்தால் இதமாக இருக்கும் தண்ணீரை ஒரு பேசினில் எடுத்து, வயிறு முழுகும்படி கோழியை இருபது நிமிடம் உட்கார வைப்பது. முதலில் திமிறும், பிறகு கண்ணைச் சொருகிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடும். எடுத்துத் துண்டால் ஈரம் போகத் துடைத்து, ஆசனவாய் ஓரத்தில் விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவி, இருட்டான, சத்தமில்லாத மூலையில் அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மகளை அந்தப் பக்கம் விடாதீர்கள் என்று சொன்னேன். பாசமாகத்தான் எட்டிப் பார்ப்பாள், ஆனால் ஆள் நடமாடினால் கோழி முக்காது.

ராத்திரி ஒன்பதேகாலுக்குப் படம் அனுப்பியிருந்தீர்கள். ஓடு சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி, ஒரு பக்கம் நெளிந்து, லேசாக ரத்தம் தீற்றிய முட்டை. என் வீட்டில் எல்லாருக்கும் காட்டிவிட்டேன்.

இனி, நீங்கள் செய்தது சரியா என்று கேட்டதற்கு வருகிறேன். மாத்திரை தப்பு. அதைச் செய்தவர்கள் அறுபது கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், செம்பி ஒன்றேகால் கிலோ. கோழியின் உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். நம் கைக்கு எந்தக் கோழியும் காய்ச்சல் அடிப்பது போலத்தான் தெரியும். கடையில் கொடுத்த மஞ்சள் நிறத் தூள் அநேகமாக ஆண்டிபயாடிக். சிக்கிய முட்டைக்கு அது எதற்கு? கொடுத்துவிட்டதால், எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் கணக்கைப் பாருங்கள், இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை செம்பியின் முட்டையை யாரும் சாப்பிட வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது மாத்திரைகூட இல்லை, "கரைத்து ஊற்றினேன்" என்ற சொல். இதை என் அனுபவத்தில் சொல்கிறேன். கல்யாணமாகி சோழவந்தான் பக்கம் போன புதிதில் எனக்கு ஒரு கருப்பு வெடை இருந்தது. வெயிலில் சுருண்டு கிடக்கிறதே என்று அலகைப் பிளந்து ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றினேன். இரண்டு தடவை கழுத்தை நீட்டியது, என் கையிலேயே போய்விட்டது. வெயில் கொல்லவில்லை, நான்தான் கொன்றேன். கோழியின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு முடியும் இடத்துக்குப் பின்னால், தரையோடு தரையாக ஒரு சின்ன ஓட்டை திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழல். நடுவாயில் ஊற்றினால் நேரே நுரையீரலுக்குள் போகும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள், அது சப்பி விழுங்கட்டும், பிறகு அடுத்த சொட்டு. தானாகக் குடிக்கிற கோழிக்கு அதுவும் வேண்டாம்.

செம்பிக்கு ஏன் இப்படி ஆயிற்று? தோல்முட்டை போட்டதே, அது ஒரு வாரம் முன்னாலேயே கொடுத்த தாக்கீது. முட்டை ஓடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. ஒரு முட்டைக்கு ஓடு கட்ட இருபது மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி ராத்திரி. அந்தச் சுண்ணாம்புச் சத்து தீனியில் வராவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கட்டும். அது குறைந்தால் ஓடு கட்டாது. முட்டையைத் தள்ளுகிற தசைக்கும் அதே சத்துதான் வேண்டும், அதுவும் சோர்ந்துவிடும். மிச்சச் சோறும் இட்லியும்தான் போடுகிறேன் என்று போனில் சொன்னீர்கள். சோற்றில் இது எங்கே இருக்கிறது?

இதற்கு மேல் தகரக் கொட்டகை. மதுரையில் சித்திரை மாதத்து மொட்டைமாடி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வடகம் காயப்போடுகிற இடம். கோழிக்கு வேர்க்காது. வாயைப் பிளந்து இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி இரைக்கும்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. ஓடு கட்டுவதற்கு அதுவும் ஒரு சரக்கு. அதனால்தான் கோடையில் பண்ணையில்கூட ஓடு மெலிகிறது. தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் பரப்புங்கள், மேற்குப் பக்கம் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள், தண்ணீரை மண்சட்டியில் வைத்துப் பகலில் இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். முடிந்தால் பகலுக்கு மட்டும் கீழே படிக்கட்டின் அடியில் பஞ்சாரம் போட்டு அடையுங்கள்.

தீனிக்குக் கம்பு, சோளம், கேழ்வரகு, கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கு, முருங்கைக்கீரை. அல்லது சிரமம் வேண்டாமென்றால் முட்டைக்கோழித் தீவனம் வாங்கிவிடுங்கள், சத்தெல்லாம் அளவாகவே கலந்திருக்கும். தனியாக ஒரு கொட்டாங்குச்சியில் கிளிஞ்சல் தூள் சாயங்காலம் வையுங்கள், ராத்திரி வேலைக்கு அப்போதுதான் தேடும். வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். கிளிஞ்சல் கிடைக்காவிட்டால் வீட்டில் உடைத்த முட்டை ஓட்டைக் கழுவி, தோசைக்கல்லில் வறுத்து, அடையாளம் தெரியாமல் நொறுக்கிப் போடலாம். உப்புக் கருவாடு மட்டும் வேண்டாம், உப்பு அதிகமானால் கோழிக்கு விஷம். எங்கள் அம்மா பழைய பானையில் வைக்கோலும் ஈரச் சாணமும் அடைத்துத் தரையில் கவிழ்த்து வைப்பார். மறுநாள் தூக்கினால் கரையான் அப்பியிருக்கும். மாடியில் அது நடக்காது, ஆசைக்குச் சொன்னேன்.

பக்கத்து வீட்டு அக்காவை நான் ஒதுக்கிவிடவில்லை. அவர் சொன்ன நோய் நிஜத்தில் வந்தால் கூட்டையே காலி பண்ணிவிடும். 1920களில் உத்தராகண்ட் மலையூரான ராணிக்கேத்தில் கண்டறிந்ததால் நம் நாட்டில் அந்த ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. அது வைரஸ், அந்த மஞ்சள் நிற மருந்துத் தூளுக்கு அடங்காது. வந்தால் கழிச்சலில் பச்சையும் கலந்திருக்கும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், கழுத்துத் திருகிக்கொள்ளும், ஒன்று படுத்த சில நாளில் அடுத்ததும் படுக்கும். உங்கள் மற்ற இரண்டும் அன்றைக்கும் சீய்த்துக்கொண்டு திரிந்தன. இருந்தாலும் நோய்ப்பட்டதைத் தனியாக வைத்தது சரி. சந்தையில் வாங்கிய கோழிக்குத் தடுப்பூசி போட்டிருப்பார்கள் என்று நம்ப முடியாது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு நல்லாயிருக்கும் இரண்டுக்கும் இப்போது போடுங்கள், செம்பி தேறியதும் அதற்கும். வருஷா வருஷம் பிப்ரவரியில் இலவச முகாமும் நடத்துகிறார்கள். எப்போதாவது திடுதிப்பென்று எல்லாம் சேர்ந்து செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மாமியாரிடம் கோபப்பட வேண்டாம். அவர் காலத்தில் கோழி என்பது பெண்பிள்ளையின் கைக்காசு. முட்டை விற்றுத்தான் சீப்பும் கண்ணாடியும் வளையலும். செத்த கோழி நட்டம், அறுத்த கோழி குழம்பு. அந்தக் கணக்கில் தப்பே இல்லை, செம்பி அந்தக் கணக்கில் வராத கோழி, அவ்வளவுதான். ஆனால் என்ன நோய் என்று தெரியாத கோழியையும், மருந்து கொடுத்த கோழியையும் அறுத்துச் சாப்பிடக் கூடாது என்பதை மட்டும் பக்குவமாகச் சொல்லிவையுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஒரு வாரம் செம்பியைத் தனியாக வையுங்கள். பின்பக்கச் சிவப்பு வாடும்வரை மற்றவற்றோடு விட்டால் அந்தச் சிவப்பையே குறிவைத்துக் கொத்தும். வாரம் ஒருமுறை மூன்றையும் பையில் போட்டுச் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். கோழி நோயை மறைத்துக்கொண்டே திரியும், மூலையில் போய் நிற்பதற்கு முன்பே எடை குறைந்துவிடும்.

செம்பி மறுபடி முட்டை போடுமா என்று உங்கள் மகள் போனைப் பிடுங்கிக் கேட்டாள். போடும் தாயி. அடுத்த முட்டைக்குக் கூடைக்குள் போகும் நேரத்தையும் வெளியே வரும் நேரத்தையும் நோட்டில் குறித்துவை. அரை மணி, ஒரு மணி ஆனால் சரி. மதியம் தாண்டியும் கூடைக்குள் போய்ப் போய் வந்தால் அம்மாவிடம் சொல், பேசினில் தண்ணீர் பிடிக்கச் சொல்.